ராஜேந்திர சோழன்: வென்றவர் சொன்னதும் தோற்றவர் சொன்னதும்

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய ராஜராஜ சோழனுக்கு மகனாகப் பிறந்து, தந்தையையும் மிஞ்சிய பெயர் பெற்றவன் ராஜேந்திர சோழன்.

அவன் படை வடக்கே கங்கைக் கரைக்குப் போயிற்று. கிழக்கே கடல் தாண்டிக் கடாரத்துக்குப் போயிற்று. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை.

இந்தக் கதையை நமக்குச் சொன்னவர்கள் யார்? பெரும்பாலும் ராஜேந்திரனின் ஆட்கள்தான். கோவில் சுவரில் எழுத்து வெட்டியவர்களும், செப்பேட்டில் பாட்டு எழுதியவர்களும் அவனுடைய ஆதரவில் வாழ்ந்தவர்கள்.

தஞ்சைச் சீமையில் வாய்க்கால் தகராறு வந்தால், தலைமடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டுப் பஞ்சாயத்தார் தீர்ப்புச் சொல்வதில்லை. கடைமடைக்காரரையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். போருக்கும் அதுதான் முறை. தோற்றவன் சொல்வதையும் கேட்க வேண்டும்.

ராஜேந்திரனிடம் தோற்றவர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள்!

இளவரசன்

ராஜேந்திரன் பிறந்தது ஆடித் திருவாதிரையில். தாய் வானவன்மாதேவி. வாலிப வயதிலேயே தந்தையின் படைகளை நடத்தினான். 1012-ம் ஆண்டில் ராஜராஜன் அவனுக்கு இளவரசுப் பட்டம் கட்டினான். 1014-ல் தந்தை மறைந்தபின் முழு அரசும் அவன் கைக்கு வந்தது.

அதற்கு முன்பே மேற்கில் சாளுக்கியரோடு பெரும் போர் நடந்தது. சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனை வென்று திரும்பிய ராஜராஜன், பெரிய கோவில் இறைவனுக்குப் பொற்பூக்களைச் சாத்தினான் என்று தஞ்சைக் கல்வெட்டு சொல்கிறது.

கன்னட நாட்டில் ஹொட்டூர் என்ற ஊரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆண்டு 1007. அது சாளுக்கியர் வெட்டியது. சோழன் 9 லட்சம் வீரரோடு வந்தான், நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றான், முடிவில் எங்கள் அரசனிடம் தோற்று ஓடினான் என்பது அதன் சாரம். படையை நடத்தி வந்தவன் ராஜேந்திரனே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

9 லட்சம் பேருக்குச் சோறு போட எத்தனை களஞ்சிய நெல் வேண்டும்! அது கோபத்தில் ஏற்றிச் சொன்ன கணக்காக இருக்கலாம். அதற்காக மற்றதையும் பொய் என்று தள்ளிவிட முடியுமா? பொற்பூக்களைப் பற்றிப் பேசும் நம் கல்வெட்டு, அந்த ஊர்கள் பட்ட பாட்டைப் பற்றிப் பேசவில்லை.

ஈழப் போர்

ஈழத்தின் வட பகுதியை ராஜராஜன் முன்பே பிடித்திருந்தான். அங்கிருந்த ஊர்கள் சில, தஞ்சைக் கோவிலுக்கு நெல்லும் காசும் அனுப்பின. மீதியையும் பிடிக்க 1017-ம் ஆண்டு வாக்கில் ராஜேந்திரன் படை அனுப்பினான்.

அதற்குப் பழைய காரணம் ஒன்றும் உண்டு. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன், சோழரிடம் தோற்ற பாண்டியன் தன் மணிமுடியை ஈழத்தில் அடைக்கலமாக வைத்துவிட்டுப் போனான். பராந்தக சோழன் அதை மீட்க முயன்றான், முடியவில்லை.

ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப் பாட்டு, ஈழத்தரசனின் முடியையும், அவன் தேவியின் முடியையும், பாண்டியன் வைத்த முடியையும் கொண்டுவந்ததாகப் பெருமை பேசுகிறது. கரந்தைச் செப்பேடு இன்னும் மேலே போகிறது. அரசியையும் மகளையும் இழந்த ஈழத்தரசன், பயந்து நடுங்கி, தானே வந்து ராஜேந்திரன் காலடியில் சரண் புகுந்தான் என்கிறது. இந்தச் செப்பேடு 1020-ல் எழுதியது. போர் நடந்த சூடு ஆறாத காலம்!

இனி எதிர்ப்பக்கம். இலங்கையின் மகாவம்சம் என்ற நூலைப் புத்த பிட்சுகள் பாலி மொழியில் எழுதினார்கள். சூளவம்சம் எனப்படும் அதன் பிற்பகுதி இந்தப் போரைச் சொல்கிறது. இது போர் முடிந்து பல தலைமுறைகளுக்குப் பின் எழுதியது.

அரசன் ஐந்தாம் மகிந்தன் காட்டுக்குள் ஓடி ஒளிந்தான். உடன்படிக்கை பேசலாம் என்று நம்பவைத்துச் சோழர் அவனை உயிரோடு பிடித்தார்கள் என்கிறது இந்நூல். சோழர் விகாரைகளை உடைத்தார்கள். புனித எலும்புகள் வைத்த அறைகளைப் பெயர்த்தார்கள். பொன் சிலைகளை வாரிக்கொண்டு போனார்கள் என்றும் குமுறுகிறது.

சரண் புகுந்தானா? ஏமாற்றிப் பிடித்தார்களா? வென்றவர் சொல்வது ஒன்று. தோற்றவர் சொல்வது வேறு.

எதை நம்புவது?

இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்வதை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அரசி பிடிபட்டாள், மணிமுடி போயிற்று, அரசனும் சோழர் வசமானான். எதிரிகள் இருவரும் ஒரே செய்தியைச் சொன்னால் அதில் சந்தேகம் குறைவு.

அடுத்தது, ஒருவர் தம் குறையைத் தாமே சொல்வது. மகிந்தன் திறமையில்லாத அரசன். குடிகள் வரி கட்டவில்லை. சம்பளம் கிடைக்காத கூலிப்படை அரண்மனையை முற்றுகையிட்டது. அவன் சுரங்க வழியாகத் தப்பி ஓடினான் என்று இலங்கை நூலே சொல்கிறது. இந்த நிலையைக் கண்ட குதிரை வியாபாரி ஒருவன், ஊர் திரும்பிச் சோழனிடம் சொன்னானாம். சொந்த மன்னனைப் பற்றி இப்படி எழுத மனத்துணிவு வேண்டும்.

மூன்றாவது சாட்சி, மண். ஈழம் முழுவதும் வென்றோம் என்கிறது மெய்க்கீர்த்தி. தெற்கே ரோகணம் அடங்கவில்லை என்கிறது இலங்கை நூல். மகிந்தனின் மகன் காசியபனை அங்கே மக்கள் மறைத்து வளர்த்தார்கள். அவனுக்கு 12 வயதானபோது பிடிக்க வந்த சோழர் படை, 6 மாதம் போராடித் திரும்பியதாம். சோழர் கால எழுத்துகள் கிடைப்பதும் தீவின் வடக்கிலும், பொலன்னறுவையைச் சுற்றியும், திருகோணமலைப் பக்கமும்தான். இந்த இடத்தில் மண் சொல்லும் சாட்சி தோற்றவர் பக்கம்!

பொலன்னறுவையில் வானவன்மாதேவி பெயரால் சோழர் கட்டிய கற்றளி இன்றும் நிற்கிறது. திருகோணமலை அருகே ஒரு புத்த விகாரைக்கு ராஜராஜன் பெயரிட்டு, தமிழர் விளக்கும் பசுவும் தானம் கொடுத்திருக்கிறார்கள். நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு ராஜராஜன் கொடுத்த ஆனைமங்கலம் கிராமத்தை, ராஜேந்திரன் செப்பேடு எழுதி நிலைபெறச் செய்தான். ஆகவே, ஈழத்தில் நடந்தது மதப் பகையால் அல்ல, பொன்னாசையால் என்று நினைக்க இடமுண்டு. ஆனால், விகாரையை இழந்தவனுக்கு அது ஆறுதல் ஆகுமா?

மகிந்தன் சோழ நாட்டில் 12 ஆண்டுகள் சிறையிருந்து இறந்தான்.

கங்கையும் கடாரமும்

1023-ம் ஆண்டு வாக்கில் ராஜேந்திரன் படை கங்கை வரை சென்றது. கொண்டுவந்த நீரின் நினைவாகச் சோழகங்கம் என்ற பேரேரியை வெட்டினான். தஞ்சையை விட்டுக் கொள்ளிடத்துக்கு வடக்கே கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். 1025-ல் கடற்படை கடாரத்தை வென்றது. அங்கே வீழ்ந்த ஊர்களின் பட்டியல் தஞ்சைக் கோவில் கல்வெட்டில் இருக்கிறது. தோற்ற நாட்டார் இந்தப் போரைப் பற்றி எழுதிய பதில் கிடைக்கவில்லை. அங்கே நமக்கு இருப்பது ஒரு பக்கச் சாட்சிதான்.

1044-ல் ராஜேந்திரன் மறைந்தான். 1070-ல் விஜயபாகு என்ற அரசன் சோழரை ஈழத்திலிருந்து வெளியேற்றினான்.

ராஜேந்திரனின் தலைநகரும் பிறகு பாழாயிற்று. 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவில் மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். அவற்றில் எழுத்து வெட்டிய கற்கள் எத்தனை இருந்தனவோ!

கோவிலுக்குப் போகிறவர்கள் அந்தச் சுவர் எழுத்துகளைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கடல் கடந்த நம் முன்னோரின் வீரத்தைச் சொல்லுங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கண்ணீரோடு எழுதி வைத்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் கேட்ட பிள்ளைதான் ராஜேந்திரனை முழுமையாக அறிந்த பிள்ளை.