துப்பாக்கி கற்பித்தவரும் குருகுலம் கண்டவரும்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதம் வந்தால் மணியாச்சி நினைவுகூரப்படுகிறது. 1911 ஜூன் 17 அன்று அந்த ரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்றதை மேடைகள் பேசுகின்றன. வாஞ்சிக்குக் கைத்துப்பாக்கி பிடிக்கக் கற்றுக்கொடுத்த வ.வே.சு. ஐயர் மறைந்ததும் ஒரு ஜூன் மாதத்தில்தான். அதைப் பேசுவோர் குறைவு. சின்ன காஞ்சிபுரத்தில் வசிக்கும் எனக்கு ஐயரை நினைக்க இன்னொரு காரணமும் உண்டு. அவர் இறந்த ஐந்தாறு மாதங்களில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாடு தமிழக அரசியலைத் திசை திருப்பியது. அந்தத் திருப்பத்துக்குப் பின்னணியில் இருந்தவற்றுள் ஒன்று, அவர் நடத்திய பள்ளி.

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் 1881-இல் பிறந்தவர் ஐயர். வழக்குரைஞராகத் தொழில் தொடங்கி, ரங்கூன் சென்று, அங்கிருந்து 1907-இல் பாரிஸ்டர் படிப்புக்காக லண்டன் போய்ச் சேர்ந்தார். சியாம்ஜி கிருஷ்ணவர்மா நிறுவிய 'இந்தியா ஹவுஸ்' விடுதியில் சாவர்க்கரின் நட்பு வாய்த்தது. சட்டம் படிக்க வந்தவர் துப்பாக்கி சுடவும் கற்றார். 1878-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தால் உரிமம் இன்றி ஆயுதம் ஏந்தும் உரிமையை இந்தியர்கள் தம் சொந்த மண்ணில் இழந்திருந்தனர். லண்டனிலோ கட்டணம் செலுத்தினால் சுடுபயிற்சிக் கூடத்தில் எவரும் பயிற்சி பெறலாம் என்ற நிலை இருந்தது. டாட்டன்ஹாம் கோர்ட் சாலையில் இருந்த அத்தகைய கூடமொன்றில் பயின்ற மதன்லால் திங்க்ரா, 1909 ஜூலை 1 அன்று கர்சன் வைலியை நேருக்கு நேர் நின்று சுட்டுக் கொன்றார். தடுக்க முன்வந்த பார்சி மருத்துவர் லால்காகாவும் குண்டுபட்டு இறந்தார். ஆகஸ்டில் திங்க்ரா தூக்கிலிடப்பட்டார்.

சில அடி தூரத்தில் நிற்பவரைச் சுடுவதற்குக் குறிபார்க்கும் திறன் பெரிதாகத் தேவையில்லை. நடுங்காத கையும், தயங்காத மனமும், முதல் வெடியோசைக்குப் பின்னும் குலையாத கவனமும்தான் தேவை. பயிற்சி என்பது திரும்பத் திரும்பச் செய்து அந்தத் தயக்கத்தைத் தேய்த்து அகற்றும் வேலை. கருவியை இயக்கும் முறையை ஒரே நாளில் சொல்லிக் கொடுத்துவிடலாம். மனத்தைப் பழக்குவதற்கு நாள்கள் வேண்டும், நம்பத்தக்க ஆசிரியரும் வேண்டும். அதனால்தான், கைத்துப்பாக்கி கற்பிப்பவரின் பொறுப்பு மற்ற ஆசிரியர்களின் பொறுப்பைவிடக் கனமானது என்று கருதுகிறேன்.

1910-இல் சாவர்க்கர் கைதானதும் ஐயரையும் காவல்துறை தேடியது. தாடி வளர்த்து, மாறுவேடத்தில் ஐரோப்பாவிலிருந்து தப்பி, அந்த ஆண்டின் இறுதிக்குள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியை அடைந்தார். பாரதியாரும் அரவிந்தரும் அப்போது அங்கே இருந்தனர். இளைஞர்களுக்கு அவர் சுடுபயிற்சி அளித்தார். புனலூரில் வனத்துறையில் பணியாற்றிய வாஞ்சி 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்து ஐயரிடம் பயிற்சி பெற்றதை, 1918-இல் வெளியான ரௌலட் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

பிறகு நடந்ததை நாடறியும். மனைவியுடன் கொடைக்கானலுக்குப் புறப்பட்டிருந்த ஆஷ், ரயில் பெட்டிக்குள் அமர்ந்திருந்தபோது பிரௌனிங் கைத்துப்பாக்கியால் மிக அருகிலிருந்து சுடப்பட்டார். நடைமேடையின் கழிப்பறைக்குள் ஓடிய வாஞ்சி தன்னையும் சுட்டுக்கொண்டார். அப்போது அவருக்கு 25 வயது. தொடர்ந்த வேட்டையில் பிடிபடாதிருக்க மேலும் இருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். 14 பேர் மீது வழக்கு நடந்தது; நீலகண்ட பிரம்மச்சாரிக்கு 7 ஆண்டுச் சிறை. புதுச்சேரியின் எல்லை ஐயரைக் காத்தது. பயின்றவர் மாண்டார், பயிற்றியவர் எஞ்சினார். இதைக் குற்றச்சாட்டாக நான் சொல்லவில்லை. ஆயினும் அந்தச் சுமையை ஐயர் போன்ற நுண்ணுணர்வு உடைய ஒருவர் உணராமல் இருந்திருப்பார் என்று என்னால் நம்ப இயலவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் அவர் கை எழுதுகோலையே பற்றியது. திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். 'குளத்தங்கரை அரசமரம்' எழுதித் தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரானார். காந்தியின் அகிம்சை வழியை ஏற்றார். 1920-இல் புதுச்சேரியை விட்டு வெளியேறி 'தேசபக்தன்' இதழின் ஆசிரியரானார். அதில் வந்த கட்டுரைக்காகச் சிறை சென்றார். பெல்லாரிச் சிறையில் கம்பராமாயண ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினார். பிறகு சேரன்மாதேவியில் தமிழ்க் குருகுலத்தைத் தொடங்கினார். நூற்கல்வியோடு தொழிலும் உடற்பயிற்சியும் நாட்டுப்பற்றும் ஊட்டும் பள்ளியாக அதை வளர்க்க விரும்பினார்.

அந்தப் பள்ளியில்தான் அவர் தடுமாறினார். இரு பிராமணச் சிறுவர்களின் பெற்றோர் விருப்பத்துக்கு இணங்கி, அவர்களுக்குத் தனியே உணவளிக்க இசைந்தார். தம்மளவில் சாதி பாராதவர் ஐயர். ஆனால், காங்கிரஸ் கொடுத்த பொதுப் பணத்திலும் மக்களின் நன்கொடையிலும் நடந்த பள்ளியில், சில பிள்ளைகள் தனிப் பந்தியில் அமர்ந்தபோது மற்றப் பிள்ளைகள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? இந்தக் கேள்வியைத்தான் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் எழுப்பினார்கள். கேள்வி நியாயமானது. கொடுத்த வாக்கைக் காப்பதாக ஐயர் நினைத்தார்; அந்த வாக்கைக் கொடுத்ததே பிழை என்பதுதான் என் கருத்து. உயிரைப் பணயம் வைக்கத் துணிந்தவருக்கு, இரண்டு பெற்றோரிடம் மறுப்புச் சொல்லும் துணிவு வாய்க்கவில்லை.

1925 ஜூன் தொடக்கத்தில் குருகுல மாணவர்களுடன் பாபநாசம் அருவிக்குச் சென்றிருந்தபோது மகள் சுபத்திரை நீரில் விழுந்தார். காப்பாற்றக் குதித்த ஐயரும் மூழ்கினார். அவருக்கு வயது 44. அதே ஆண்டு நவம்பரில், திரு.வி.க. தலைமையில் காஞ்சிபுரத்தில் நடந்த மாநாட்டில் பெரியாரின் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு இடமளிக்கப்படவில்லை. பெரியார் வெளியேறினார். வேறு காரணங்களும் உண்டெனினும், சேரன்மாதேவியின் காயம் ஆறாத நிலையில்தான் அந்தப் பிளவு நேர்ந்தது.

ஐயரைப் போற்றுவோர் துப்பாக்கியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூற்றுவோர் பந்தியோடு முடித்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் புலப்படுபவர் ஓர் ஆசிரியர். ஆசிரியர் எதைக் கற்பித்தாலும், எதை அனுமதித்தாலும், அதன் விலையைப் பெரும்பாலும் செலுத்துபவர்கள் மாணவர்களே. மணியாச்சியில் உயிராகவும் சேரன்மாதேவியில் மானமாகவும் அந்த விலை செலுத்தப்பட்டது. தம் வாழ்வின் இறுதி நொடியில் அவர் பிறரை அனுப்பாமல் தாமே குதித்தார். இளைஞர்களைக் களத்துக்கு அழைப்பதற்கு நம்மிடையே இன்றும் தலைவர்களுக்குப் பஞ்சமில்லை. அழைப்பவர் எங்கே நிற்கிறார் என்று கேட்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதே ஐயரின் வாழ்விலிருந்து நாம் பெறத்தக்க பாடம்.