400 டாலர் ராணுவ விமானம், ஒரு ஸ்பேனர்... பெஸ்ஸி கோல்மன் பறந்த கதை!

பழைய புல்லட்டை வாங்கி, பார்ட்ஸ் தேடித் தேடி மாட்டி, ஞாயிறு காலையில் ஈ.சி.ஆரில் ஓட்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே ஆசை கொஞ்சம் பெரிய சைஸில் இருக்கிறது. ஒரு காலத்தில் ராணுவம் தன் பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுத்த பழைய விமானங்களை வாங்கி, பழுது பார்த்து, வார இறுதியில் பறக்கிறார்கள். ஸ்டியர்மேன், டைகர் மாத், டெக்ஸன் என ஒவ்வொன்றுக்கும் தனி ரசிகர் கூட்டமே உண்டு.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் பெரிய அளவில் சூடுபிடித்தது முதல் உலகப் போர் முடிந்த கையோடுதான். அப்போது கைக்குக் கை மாறிய விமானத்தின் பெயர் ஜென்னி. அதை வாங்கியவர்களில் ஒருவர் பெஸ்ஸி கோல்மன். பைலட் லைசென்ஸ் வாங்கிய முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண். பலருக்கு ஜென்னி ஒரு ஜாலியான சாகசம். பெஸ்ஸிக்கு அதுதான் வேலை, மேடை, எதிர்காலத்துக்கான முதலீடு எல்லாமே. கடைசியில் அவர் உயிரை வாங்கியதும் ஒரு ஜென்னிதான்.

யார் இந்த பெஸ்ஸி?

1892 ஜனவரி 26 அன்று டெக்ஸாஸ் மாநிலத்தின் அட்லாண்டா என்ற சிற்றூரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 13 பிள்ளைகள். அதில் பெஸ்ஸி பத்தாவது. அவருக்கு 2 வயதானபோது குடும்பம் அதே மாநிலத்தின் வாக்ஸஹாச்சிக்குக் குடிபெயர்ந்தது. பருத்தி விளையும் ஊர். பருத்தி எடுக்கும் சீசன் வந்தால் பள்ளிக்கூடம் கட், எல்லாப் பிள்ளைகளும் காட்டுக்கு. மற்ற நாட்களில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்று இருந்த ஒற்றை அறைப் பள்ளிக்கு 4 மைல் நடை.

அப்பா ஜார்ஜ், செவ்விந்திய வம்சாவளியும் கொண்டவர். டெக்ஸாஸின் நிறவெறி தாங்காமல் 1901-ல் இன்றைய ஓக்லஹோமா பகுதிக்குப் போய்விட்டார். அம்மா சூசன் பிள்ளைகளோடு அங்கேயே தங்கிவிட்டார். துணி துவைத்துச் சேர்த்த காசில் பெஸ்ஸி 1910-ல் ஓக்லஹோமாவில் கல்லூரியில் சேர்ந்தார். ஒரே ஒரு டேர்ம். பணம் தீர்ந்தது, ஊர் திரும்பினார்.

1915 வாக்கில் அண்ணன்கள் இருந்த சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அங்கே சலூனில் நகம் திருத்தும் வேலை. அண்ணன் ஜான், முதல் உலகப் போரில் பிரான்ஸ் போய் வந்தவர். பிரெஞ்சுப் பெண்கள் விமானம் ஓட்டுவதைச் சொல்லிச் சொல்லித் தங்கையைச் சீண்டுவார். அந்தக் கிண்டலை பெஸ்ஸி சீரியஸாக எடுத்துக்கொண்டார்.

அமெரிக்காவில் கதவு அடைப்பு, பிரான்ஸில் லைசென்ஸ்

அமெரிக்காவில் எந்த விமானப் பயிற்சிப் பள்ளியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கறுப்பினத்தவர் என்பது ஒரு காரணம், பெண் என்பது இன்னொரு காரணம். அப்போது வழி காட்டியவர் சிகாகோ டிஃபெண்டர் பத்திரிகையின் அதிபர் ராபர்ட் அபாட். பிரான்ஸுக்குப் போகச் சொன்னார். பெஸ்ஸி மாலை நேரத்தில் பிரெஞ்சு கற்றார். சேமிப்பு கொஞ்சம், அபாட், வங்கியாளர் ஜெஸ்ஸி பிங்கா போன்றவர்களின் உதவி கொஞ்சம். 1920 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கப்பல் ஏறினார்.

வடக்கு பிரான்ஸின் லே குரோட்வா என்ற கடலோர ஊரில் காட்ரோன் சகோதரர்கள் நடத்திய பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவர் கற்றது நியூபோர்ட் 82 என்ற இரட்டை இறக்கைப் பயிற்சி விமானத்தில். கையில் ஒரு குச்சி, காலடியில் ஒரு பார், அவ்வளவுதான் கன்ட்ரோல். உடன் படித்த ஒருவர் விபத்தில் இறந்ததை நேரிலேயே பார்த்தார். ஆனாலும் விடவில்லை. 1921 ஜூன் 15 அன்று சர்வதேச லைசென்ஸ் கைக்கு வந்தது. புகழ்பெற்ற அமீலியா ஏர்ஹார்ட் இதே வகை லைசென்ஸ் பெற்றது 1923-ல்தான்.

ஜென்னி ஏன் அவ்வளவு ஃபேமஸ்?

கர்ட்டிஸ் கம்பெனியின் ஜே.என். வரிசை விமானம் இது. ஜே, என் என்ற இரண்டு எழுத்தைச் சேர்த்துச் சொல்லிச் சொல்லியே ஜென்னி ஆகிவிட்டது. 6,000-க்கும் மேல் தயாரானது. போர்க்காலத்தில் அமெரிக்க, கனடா பைலட்டுகளில் பெரும்பாலோர் இதில்தான் பறக்கப் பழகினார்கள்.

மரச் சட்டம், அதன்மேல் வார்னிஷ் போல ஒரு திரவம் பூசி இறுக்கிய துணி, குறுக்கும் நெடுக்கும் கம்பிகள். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு திறந்த காக்பிட். இரண்டிலும் கன்ட்ரோல் உண்டு. எட்டு சிலிண்டர் இன்ஜின், 90 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சின்ன ஹேட்ச்பேக் காருக்கு இருக்கும் அதே சக்தி. அதை வைத்துக்கொண்டு 13 மீட்டர் அகல இறக்கையையும் இரண்டு ஆட்களையும் தூக்க வேண்டும். முக்கித் தக்கி மணிக்கு 120 கிலோமீட்டர். இன்ஜின் வால்வு பாகங்கள் வெளியே தெரியும்படி இருக்கும். அடிக்கடி கையால் கிரீஸ் போட வேண்டும்.

போர் முடிந்ததும் ராணுவத்துக்கு இவ்வளவு விமானங்கள் தேவைப்படவில்லை. அரசு சுமார் 5,000 டாலர் கொடுத்து வாங்கியதை சில நூறு டாலருக்குத் தள்ளிவிட்டது. 1923-ல் 21 வயது இளைஞர் ஒருவர் ஜார்ஜியா மாநிலத்தில் 500 டாலருக்கு ஒரு ஜென்னி வாங்கி, அதில்தான் முதன்முதலில் தனியாகப் பறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க் அவர்தான். ஆக, ஜென்னி இல்லைன்னா சாமானியர்கள் அந்தக் காலத்தில் விமானம் வாங்குவது பற்றி யோசித்தே இருக்க முடியாது.

ஆனா இதில் ஒரு சிக்கல் இருந்தது. அன்றைய அமெரிக்காவில் விமானம் ஓட்ட மத்திய அரசின் லைசென்ஸ் கட்டாயமில்லை. விமானத்துக்கு எஃப்.சி. மாதிரி தகுதிச் சான்றும் கிடையாது. வாங்குகிறவர் தான் பார்த்து வாங்க வேண்டும். ஓட்டுகிறவர் தான் பார்த்து ஓட்ட வேண்டும். பாதுகாப்பு மொத்தமும் உரிமையாளரின் மனசாட்சியையும் பர்ஸையும் பொறுத்தது.

சொந்த விமானம், முதல் விபத்து

கம்பெனிகள் கறுப்பினப் பெண்ணை வேலைக்கு எடுக்காது என்பதால் பெஸ்ஸிக்கு இருந்த ஒரே வழி சாகச நிகழ்ச்சிதான். வானத்தில் குட்டிக்கரணம், எட்டு போடுவது, தரையை உரசுவது போல இறங்கி எழுவது. இந்த வித்தைகளைக் கற்க 1922-ல் மீண்டும் ஐரோப்பா போனார். திரும்பி வந்து, செப்டம்பர் 3 அன்று நியூயார்க் அருகே முதல் நிகழ்ச்சி. போரில் சண்டையிட்ட 369-வது கறுப்பினப் படைப்பிரிவைக் கௌரவிக்கும் விழா அது. அன்று ஓட்டியது இரவல் ஜென்னி.

அவர் கனவு நிகழ்ச்சியோடு நிற்கவில்லை. கறுப்பின இளைஞர்களுக்காக ஒரு விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க வேண்டும். அதற்குச் சொந்த விமானம் வேண்டும். கலிஃபோர்னியாவில் ஒரு டயர் கம்பெனிக்கு விளம்பரம் செய்து தர ஒப்புக்கொண்டு, ராணுவ உபரியிலிருந்து 400 டாலருக்கு ஒரு ஜென்னி வாங்கினார்.

1923 பிப்ரவரி 4. லாஸ் ஏஞ்சலஸில் கூட்டம் காத்திருந்தது. சாண்டா மோனிகாவில் இருந்து கிளம்பிய ஜென்னி, சுமார் 300 அடி உயரத்தில் இன்ஜின் நின்று விழுந்தது. கால் முறிந்தது, விலா எலும்புகள் உடைந்தன. விமானம் சுக்குநூறு. அவரிடம் இருந்த ஒரே சொத்து ஒரு நிமிடத்தில் போனது.

ஒரே வாசல் போதும்!

குணமாகி மீண்டு வர நாளானது. 1925-ல் பிறந்த மாநிலமான டெக்ஸாஸுக்கே வந்தார். ஜூன் 19 அன்று ஹூஸ்டனில் நிகழ்ச்சி. டெக்ஸாஸில் அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் நாள் அது. பிறகு, வளர்ந்த ஊரான வாக்ஸஹாச்சி. அங்கே வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு ஒரு வாசல் என்று ஏற்பாடு. எல்லோரும் ஒரே வாசலில் வந்தால்தான் பறப்பேன் என்று பெஸ்ஸி கறாராகச் சொல்லிவிட்டார். ஏற்பாட்டாளர்கள் இறங்கி வந்தார்கள். உள்ளே இருக்கைகள் பிரிந்தேதான் இருந்தன. ஆனாலும் 1925-ன் டெக்ஸாஸில் அந்த ஒரு வாசலே பெரிய விஷயம்.

இதற்கு முன்பே ஒரு சினிமா வாய்ப்பையும் உதறியிருந்தார். கிழிந்த உடையோடு பட்டிக்காட்டுப் பெண்ணாக வரச் சொன்னதும், கறுப்பினத்தவரைக் கேவலமாகக் காட்டும் வேலைக்கு ஆள் நானில்லை என்று வெளியேறினார். இதனால் வர வேண்டிய பணம் போனது. தியேட்டர்களில் உரை, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவில் ஒரு பியூட்டி பார்லர் என்று வேறு வழிகளில் பள்ளிக்காகக் காசு சேர்த்தார்.

1926 ஏப்ரல் 30: என்ன நடந்தது?

டல்லஸில் இன்னொரு பழைய ஜென்னியைத் தவணையில் பேசி முடித்திருந்தார். சூயிங் கம் தொழிலதிபர் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் பீமன் உதவியதால் கடைசித் தவணையும் கட்டி முடிந்தது. 24 வயது மெக்கானிக்கும் பைலட்டுமான வில்லியம் வில்ஸ் அதை டல்லஸிலிருந்து ஃபுளோரிடாவின் ஜாக்ஸன்வில்லுக்கு ஓட்டி வந்தார். 1,400 கிலோமீட்டருக்கு மேல் தூரம். வழியில் திரும்பத் திரும்ப மக்கர் செய்து இடையிலேயே இறங்க வேண்டியிருந்தது. பராமரிப்பு அவ்வளவு மோசம்.

மே 1 அன்று நிகழ்ச்சி. அதில் பாராசூட்டில் குதிப்பதாகத் திட்டம். எங்கே குதிப்பது என்று பார்க்க முந்தைய நாள் காலை இருவரும் கிளம்பினார்கள். ஓட்டியது வில்ஸ். பெஸ்ஸி இன்னொரு காக்பிட்டில். காக்பிட் விளிம்புக்கு மேல் எட்டிக் கீழே பார்க்க வேண்டும் என்பதால் சீட் பெல்ட் போடவில்லை.

சில ஆயிரம் அடி உயரத்தில் விமானம் திடீரென மூக்கைக் கீழே திருப்பிப் பாய்ந்தது. சுழன்று கவிழ்ந்ததில் பெஸ்ஸி தூக்கி வீசப்பட்டார். வில்ஸால் விமானத்தை மீட்க முடியவில்லை. இருவருமே உயிரிழந்தனர். பெஸ்ஸிக்கு 34 வயது. சிதைவுகளைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. யாரோ பழுது பார்க்கும்போது மறந்து விட்டுப்போன ஒரு ஸ்பேனர், கன்ட்ரோல் பாகங்களுக்குள் நழுவிச் சிக்கியிருந்தது.

வெள்ளையர் நடத்திய பல பத்திரிகைகள் வில்ஸைப் பற்றியே அதிகம் எழுதின. ஆனா சிகாகோவில் நடந்த இறுதிச் சடங்கில் சுமார் 10,000 பேர் திரண்டார்கள். தலைமை ஏற்றவர் கறுப்பின உரிமைப் போராளி ஐடா பி. வெல்ஸ்.

20 நாளில் வந்த சட்டம்

1926 மே 20 அன்று அமெரிக்காவில் விமான வணிகச் சட்டம் கையெழுத்தானது. பைலட்டுக்கு லைசென்ஸ், விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று என்று மத்திய அரசின் விதிகள் வந்தன. பெஸ்ஸியின் மரணத்தால் வந்த சட்டம் இல்லை இது. ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. ஆனா அவர் இறந்து 20 நாளில் வந்தது. புதிய விதிகளுக்கு ஈடுகொடுக்க முடியாமல் அடுத்த சில ஆண்டுகளில் ஜென்னிகள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டப்பட்டன. மிச்சம் இருப்பவை இன்று மியூசியங்களிலும் சில தனியாரிடமும் பொக்கிஷமாக உள்ளன.

இன்று பழைய பயிற்சி விமானம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் ஆய்வு செய்து சான்று வாங்குகிறார்கள். வேலை முடிந்ததும் டூல் பாக்ஸை எண்ணிப் பார்ப்பது மெக்கானிக்குகளுக்குப் பாலபாடம். காக்பிட்டில் ஒரு பேனா விழுந்தால்கூடத் தேடி எடுத்த பிறகே கிளம்ப வேண்டும். பெஸ்ஸியின் ஜென்னிக்கு அப்படிப் பார்க்க ஆளும் இல்லை, விதியும் இல்லை.

பள்ளி என்ன ஆனது?

பெஸ்ஸியால் அதைத் தொடங்க முடியவில்லை. ஆனா 1929-ல் வில்லியம் பவல் என்பவர் லாஸ் ஏஞ்சலஸில் கறுப்பினத்தவருக்குப் பறக்கக் கற்றுத்தரும் கிளப் ஒன்றைத் தொடங்கி, அதற்கு பெஸ்ஸி கோல்மன் ஏரோ கிளப் என்று பெயர் வைத்தார். அவர் வாழ்ந்த சிகாகோவிலேயே கார்னீலியஸ் காஃபி பின்னாளில் விமானப் பள்ளி நடத்தினார். அங்கே பயின்றவர்களில் சிலர் இரண்டாம் உலகப் போரில் டஸ்கீகி விமானப்படை வீரர்கள் ஆனார்கள்.

1992-ல் விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் மே ஜெமிசன், பெஸ்ஸியின் படத்தைக் கூடவே கொண்டு போனார். 1995-ல் தபால் தலையும் 2023-ல் 25 சென்ட் நாணயமும் வந்தன. இதற்கெல்லாம் முன்பே, 1931-ல் சிகாகோவின் கறுப்பின பைலட்டுகள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். அவர் புதைக்கப்பட்ட லிங்கன் கல்லறைத் தோட்டத்தின் மேல் விமானத்தில் தாழப் பறந்து, பூக்களைத் தூவுவார்கள்.