ஏழு கடிகாரங்களும் ஒரு கோபாலும்

எங்க ஊர் இடையஞ்சாவடி, ஆரோவில்லை ஒட்டின ஊர். என் மாமா மரக்காணம் உப்பளத்துல வேலை பார்க்கிறார். போன மாசம் கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சு எனக்கு வேலை கிடைச்சப்போ வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம். என் முகம் மட்டும் சுருங்கிப் போச்சு. காரணம், கிடைச்சது புதுசா ஆப் எழுதுற வேலை இல்லை, மெயின்டனன்ஸ் ப்ராஜெக்ட். ஒரு பேங்கோட பழைய கோடைப் பார்த்துக்கணும். மொழி கோபால். மாமாகிட்ட கோபால்ல வேலைன்னு சொன்னேன். எந்த கோபால், நம்ம ஊர் ஆளான்னு கேட்டார்.

மெயின்டனன்ஸ்னா ரெண்டாம் தரமான வேலைன்னு நம்ம எல்லார் மனசுலயும் ஒரு நினைப்பு இருக்கு. எனக்கும் இருந்தது. அந்தக் கடுப்போட கோபால் மொழி எங்கிருந்து வந்ததுன்னு தேடப் போய், ஒரு அம்மாவோட வாழ்க்கைக் கதைக்குள்ள போயிட்டேன். பேர் கிரேஸ் ஹாப்பர். அமெரிக்கக் கடற்படையில ரியர் அட்மிரலா இருந்தவர். கம்பைலர் பாடத்துல இவர் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. ஆனா இவர் வாழ்நாள் முழுக்கப் போராடினது நம்ம எல்லாரும் தலையைப் பிச்சுக்கிற ஒரு விஷயத்தோடதான்: ஒருத்தர் எழுதின கோடை இன்னொருத்தர் எப்படிப் புரிஞ்சு, பயமில்லாம மாத்துறது?

பிரிச்சுப் பார்த்த பிள்ளை

1906 டிசம்பர் 9, நியூயார்க்ல கிரேஸ் பிறந்தார். ஏழு வயசுல, அலாரம் கடிகாரம் எப்படி ஓடுதுன்னு பார்க்க ஒண்ணைப் பிரிச்சார். ஸ்பிரிங், பல்சக்கரம் எல்லாம் சிதறிப் போச்சு. எது எங்க இருந்ததுன்னு தெரிஞ்சுக்க இன்னொண்ணைப் பிரிச்சார். இப்படி வீட்ல இருந்த ஏழு கடிகாரத்தையும் பிரிச்சுப் போட்டுட்டார். அம்மா திட்டி நிறுத்தல. இனிமே ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் வச்சு விளையாடுன்னு எல்லை போட்டுட்டாங்க.

16 வயசுல வாஸர் கல்லூரிக்கு விண்ணப்பிச்சார். லத்தீன்ல மார்க் குறைவுன்னு சேர்க்கல. அடுத்த வருஷம்தான் சேர முடிஞ்சது. அரியர் வச்சிருக்கிறவங்க மனசைத் தேத்திக்கலாம். 1928ல் கணிதமும் இயற்பியலும் முடிச்சு, 1934ல் யேல் பல்கலைக்கழகத்துல கணிதத்துக்கு டாக்டர் பட்டம் வாங்கினார். இதுக்கு நடுவுல வாஸர்லயே டீச்சர் ஆனார், வின்சென்ட் ஹாப்பரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். 1945ல் விவாகரத்து ஆனபிறகும் ஹாப்பர்ங்கிற பேர் அவரோடயே தங்கிடுச்சு.

ரெண்டாம் உலகப் போர் வந்தது. கடற்படையில சேரப் போனார். வயசு அதிகம், உடம்பு எடை குறைவுன்னு சொன்னாங்க. விதிவிலக்கு வாங்கி 1943 டிசம்பர்ல சேர்ந்தார். 1944ல் ஹார்வர்டுக்கு அனுப்பினாங்க. அங்க இருந்தது மார்க் 1 கம்ப்யூட்டர். சுமார் 15 மீட்டர் நீளம், 5 டன் எடை. ஓட்டை போட்ட காகிதச் சுருள்தான் ப்ரோக்ராம்.

நோட்டுப் புத்தகத்துல இருந்து காப்பி

அங்க தலைவர் ஹோவர்ட் எய்க்கன். அந்த மெஷினுக்கு ஒரு கையேடு எழுதச் சொல்லி இவர்கிட்ட ஒப்படைச்சார். யாரும் ஆசைப்பட்டு எடுக்கிற வேலையா அது? நம்ம ஊர்லயும் டாக்குமென்டேஷன்னா டீம்ல கடைசி ஆள் தலையிலதான் விழும். ஹாப்பர் உட்கார்ந்து 500 பக்கத்துக்கு மேல எழுதினார். 1946ல் புத்தகமா வந்தது. ஒரு கம்ப்யூட்டரை எப்படி இயக்குறதுன்னு விரிவா சொன்ன ஆரம்பகாலப் புத்தகங்கள்ல அது ஒண்ணு.

ஹார்வர்டுல ப்ரோக்ராமர்கள் ஆளுக்கொரு நோட்டு வச்சிருந்தாங்க. சைன் மதிப்பு கண்டுபிடிக்க ஒரு துண்டு கோட், வர்க்கமூலத்துக்கு ஒரு துண்டு. சரியா ஓடினதை எழுதி வச்சுக்கிட்டு, தேவைப்படும்போது அடுத்தவர் நோட்டைக் கடன் வாங்கிக் காப்பி பண்ணுவாங்க. கையாலதான். பிற்பாடு வந்த மெஷின்கள்ல இந்தத் துண்டைப் புது இடத்துல ஒட்டணும்னா, அதுல இருக்கிற ஒவ்வொரு முகவரியையும் கூட்டி மாத்தணும். மனுஷன் கூட்டல்ல தப்பு பண்ணுவான், காப்பி அடிக்கும்போதும் தப்பு பண்ணுவான். ஒரு எழுத்து மாறினாப் போதும், ராத்திரி முழுக்கத் தேட வேண்டியதுதான்.

காப்பி பேஸ்ட் கோட் ஏன் ஆபத்துன்னு நமக்கு சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வரும். ஹாப்பர் அதைக் கண் முன்னாடி பார்த்தார். மூல நோட்டுல ஒரு தப்பைத் திருத்தினா, அதுக்கு முன்னாடி காப்பி எடுத்தவங்க எல்லார்கிட்டயும் அந்தத் தப்பு அப்படியே இருக்கும்.

1947 செப்டம்பர்ல மார்க் 2 மெஷினோட ரிலேக்குள்ள ஒரு அந்துப்பூச்சி மாட்டிக்கிச்சு. அதை எடுத்துப் பதிவேட்டுல டேப் போட்டு ஒட்டினாங்க. பக் என்கிற வார்த்தையை ஹாப்பர்தான் கண்டுபிடிச்சார்னு வாட்ஸ்அப்ல சுத்துற கதை சரியில்லை. அந்தச் சொல் எடிசன் காலத்துலயே இன்ஜினியர்கள் பேச்சுல இருந்தது. பூச்சியைக் கண்டுபிடிச்சதும் ஹாப்பர் இல்லை. ஆனா அந்தக் கதையைப் பல வருஷம் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினது அவர்தான்.

வேலையை மெஷின்கிட்டயே கொடு

1949ல் பிலடெல்பியாவுல யூனிவாக் கம்ப்யூட்டர் செஞ்ச கம்பெனியில சேர்ந்தார். அங்கதான் அந்த யோசனை. கூட்டுறதும் காப்பி எடுக்கிறதும் மனுஷனுக்கு வரலைன்னா, அதுக்குன்னே பிறந்த மெஷின்கிட்ட கொடுத்துட வேண்டியதுதானே? துண்டு கோட் ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண் கொடுத்து டேப்ல வச்சார். எண்களை வரிசையா எழுதினா, மெஷினே அந்தத் துண்டுகளை எடுத்து, முகவரிகளைச் சரிபண்ணி, ஒரே ப்ரோக்ராமா கோத்துக் கொடுக்கும். இதுதான் 1952ல் ஓடின ஏ-0. இன்னைக்கு நாம லிங்கர், லோடர்னு படிக்கிற வேலைக்குப் பக்கத்துல வரும். அவர் வச்ச பேர் கம்பைலர். கம்ப்யூட்டர் கணக்குதான் போடும், ப்ரோக்ராம் எல்லாம் எழுதாதுன்னு சுத்தி இருந்தவங்க நம்ப மறுத்தாங்க.

அடுத்த படி இன்னும் பெருசு. கணக்குப் பிரிவுல இருக்கிறவங்க குறியீட்டைப் பார்த்து மிரள்றாங்க, அதனால சாதாரண ஆங்கிலச் சொற்கள்லயே ப்ரோக்ராம் எழுதலாம்னார். மேலிடம் மறுத்தது. அவர் அதே சின்ன ப்ரோக்ராமை ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன்னு மூணு மொழியிலயும் எழுதிக் காட்டினார். மெஷினுக்கு எல்லாச் சொல்லும் வெறும் குறிதான்னு புரியவைக்கிறதுதான் நோக்கம். மேலதிகாரிகள் அமெரிக்க மெஷின் பிரெஞ்சு எப்படிப் பேசும்னு இன்னும் அரண்டு போனாங்க. இன்னைக்கு எழில்ங்கிற மொழியில தமிழ்லயே ப்ரோக்ராம் எழுத முடியுது. அவர் சொன்னது அதேதான்.

அப்படி வந்தது ஃப்ளோமேட்டிக். 1959 மே மாசம் பென்டகன்ல அரசு, கம்பெனிகள், பல்கலைக்கழகங்கள் எல்லாம் கூடி, எல்லா மெஷினுக்கும் பொதுவா ஒரு வணிக மொழி வேணும்னு முடிவு பண்ணாங்க. அதுதான் கோபால். ஒரு குழு சேர்ந்து உருவாக்கின மொழி அது. ஹாப்பர் ஆலோசகரா இருந்தார், அவரோட ஃப்ளோமேட்டிக்தான் பெரிய அடிப்படை. 1960 டிசம்பர்ல ஒரே கோபால் ப்ரோக்ராமை ரெண்டு வேற வேற கம்பெனி மெஷின்ல ஓட்டிக் காட்டினாங்க. அந்தக் காலத்துல மெஷின் மாறினா கோடை முழுக்கத் திரும்ப எழுதணும். அதனால இது சின்ன விஷயம் இல்லை.

படிக்க முடியுது, புரியல

இங்க ஒரு உண்மையையும் சொல்லிடணும். ஆங்கிலச் சொல்ல எழுதிட்டா கோட் தானா புரிஞ்சிடாது. கோபால்ல எல்லா டேட்டாவும் ஒரே பகுதியில இருக்கும், ப்ரோக்ராம்ல எந்த மூலையில இருந்தும் மாத்தலாம். கோ டூ போட்டு எங்கிருந்தும் எங்கயும் தாவலாம். ஆல்டர்னு ஒரு கட்டளை, அந்தத் தாவல் போற இடத்தையே ஓடிட்டிருக்கும்போது மாத்திடும். ஒவ்வொரு வரியும் தெளிவா இருக்கும், மொத்தமாப் பார்த்தா நூல்கண்டு சிக்கின மாதிரி இருக்கும். 1968ல் டைக்ஸ்ட்ரா கோ டூவை எதிர்த்து எழுதினது இந்தச் சிக்கலைப் பார்த்துத்தான்.

ஹாப்பருக்கு இன்னொரு தலைவலி. 1966 கடைசியில 60 வயசுல கடற்படை அவரை ஓய்வுல அனுப்பிடுச்சு. ஏழு மாசம்தான். 1967 ஆகஸ்ட்ல திரும்பக் கூப்பிட்டாங்க, ஆறு மாச வேலைன்னு. காரணம், பொது மொழின்னு வந்த கோபாலை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு நீட்டி, வளைச்சு, தனித்தனி வட்டார வழக்கா ஆக்கிடுச்சு. கடற்படை ஆபீஸ்கள்ல ஓடின ப்ரோக்ராம் ஒண்ணை இன்னொரு மெஷினுக்கு மாத்த முடியல.

எல்லாத்தையும் தூக்கிப் போட்டுப் புதுசா எழுதலாம்னு அவர் சொல்லல. அவரும் அவர் குழுவும் சோதனை ப்ரோக்ராம்களோட ஒரு தொகுப்பை எழுதினாங்க. கோபால் தரத்துல இருக்கிற ஒவ்வொரு அம்சத்தையும் இந்த கம்பைலர் சரியாச் செய்யுதான்னு அது ஓட்டிப் பார்த்துச் சொல்லும். விற்கிறவர் எங்க கம்பைலர் தரமானதுன்னு வாயால சொன்னாப் போதாது, சோதனையில காட்டணும். இன்னைக்கு நாம டெஸ்ட் சூட்னு சொல்றதை அவர் ஒரு நிர்வாகத்தையே வழிக்குக் கொண்டுவரப் பயன்படுத்தினார். ஆறு மாசம்னு வந்தவர் 19 வருஷம் இருந்தார். அவர் ஆபீஸ்ல ஒரு கடிகாரம் எதிர்ப்பக்கமா சுத்தும். இப்படித்தான் எப்பவும் செய்றோம்னு சொல்றவங்களுக்கு அதுதான் பதில். அதுலயும் மணி பார்க்க முடியும்.

1986ல் 79 வயசுல, ரியர் அட்மிரலா ஓய்வு பெற்றார். அப்போ பணியில இருந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரிகள்லயே மூத்தவர். 1992 ஜனவரி 1ல் இறந்தார். 1997ல் ஒரு போர்க்கப்பல் அவர் பேர்ல பணிக்கு வந்தது.

அவர் போனபிறகு

மெமரி விலை அதிகமா இருந்த காலத்துல வருஷத்தை ரெண்டே இலக்கத்துல எழுதி வச்சாங்க. 1940ல் பிறந்தவருக்கு 2000த்துல வயசு என்ன? 00ல இருந்து 40ஐக் கழி, மைனஸ் 40. ஒய்2கே பிரச்சனை இதுதான். உலகம் முழுக்க கோடிக்கணக்கான வரி கோபால்ல தேதி எங்கெல்லாம் ஒளிஞ்சிருக்குன்னு தேடணும். தேதின்னு பேர் வச்சிருந்தாச் சுலபம். மொட்டையா ரெண்டு எழுத்துல பேர் வச்சிருந்தா, அந்த மதிப்பு எங்கிருந்து வந்து எங்க போகுதுன்னு வரி வரியா நடக்கணும். அந்த வேலையில பெரும் பங்கு இந்தியாவுக்கு வந்தது, சென்னைக்கும் வந்தது. இன்னைக்கு நாம ஓஎம்ஆர்ல பார்க்கிற ஐ.டி. வளர்ச்சிக்கு உரம் போட்டதுல, அடுத்தவன் எழுதின பழைய கோடைப் பொறுமையாப் படிச்ச அந்தக் காலத்துப் பசங்களுக்கும் பங்கு உண்டு. 2020 கொரோனா சமயத்துல அமெரிக்காவுல நியூ ஜெர்சி ஆளுநரே கோபால் தெரிஞ்சவங்க உதவிக்கு வாங்கன்னு கேட்க வேண்டி வந்தது.

இதைப் படிச்சு முடிச்ச வாரம், எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்டைத் திறந்தேன். போன பேட்ச் எழுதின ஹாஸ்டல் மெஸ் பில் ஆப். முழுசா அழிச்சுட்டு முதல்ல இருந்து எழுதலாம்னுதான் எங்க டீம் முடிவு பண்ணியிருந்தது. கொஞ்சம் பொறுங்கன்னு சொல்லி, பழைய மூணு மாச பில்லை எடுத்து வச்சேன். இந்த உள்ளீட்டுக்கு இந்தத் தொகை வரணும்னு அதையே சோதனையா ஆக்கினோம். பிறகு கோடைப் படிச்சோம். பில் கணக்கு மூணு ஃபைல்ல காப்பி ஆகியிருந்தது. ரெண்டுல விருந்தாளி ரேட்டை மாத்தியிருக்காங்க, மூணாவதுல மறந்துட்டாங்க. மூணையும் ஒரே ஃபங்ஷன் ஆக்கினோம், டெம்ப்1, டெம்ப்2க்கு எல்லாம் ஒழுங்காப் பேர் வச்சோம். ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பிறகு சோதனையை ஓட்டினோம். நாலு நாள்ல முடிஞ்சது. புதுசா எழுதியிருந்தா ரெண்டு மாசம் போயிருக்கும், அந்த மறந்து போன ரேட் கடைசி வரைக்கும் கண்ணுல பட்டிருக்காது.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். ஒவ்வொரு வருஷமும் மழையில உப்பளம் தண்ணிக்குள்ள போயிடும், வரப்பு கரைஞ்சிடும். மழை முடிஞ்சதும் தண்ணியை வடிச்சு, வரப்பு கட்டி, பாத்தித் தரையை மிதிச்சுக் கெட்டிப்படுத்தினாத்தான் உப்பு விளையும். அவர் வாழ்க்கை முழுக்க அதைத்தான் செஞ்சிருக்கார். அதுல ஒரு நாளும் அவருக்கு வெட்கம் இருந்ததில்லை.

இப்பவும் போன் பண்ணினா, கோபால் எப்படி இருக்கார்னு கேட்கிறார். அறுபது வயசு தாண்டிடுச்சு மாமா, இன்னும் வேலைக்குப் போய்ட்டுத்தான் இருக்கார்னு சொல்றேன். வர்ற ஜூலையில இருந்து அவரைப் பார்த்துக்கிற வேலை எனக்கு.