மன்னாரில் வளர்ந்த கண்டி அரசி

கண்டி இராச்சியத்தின் வரலாற்றை எழுதுவோர் மன்னர்களின் போர்களையும் உடன்படிக்கைகளையுமே பெரிதும் முன்னிறுத்துகின்றனர். அந்த வரலாற்றின் மையத்தில் ஒரு பெண் குழந்தை நிற்பதை நாம் போதியளவு கவனிப்பதில்லை. பிறந்த மண்ணிலிருந்து அந்நியர் கைக்குச் சென்று, அவர்களது சமயத்தில், அவர்கள் சூட்டிய பெயரில் வளர்ந்து, பின்னர் அதே மண்ணுக்கு அரசியாகக் கொண்டுவரப்பட்ட குசுமாசன தேவி என்னும் தோனா கத்தரீனாவே அக்குழந்தையாவார். இலங்கையில் பிறந்து வெளிநாடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் தம்மைப் பெற்றவர்களைத் தேடி வந்துகொண்டிருக்கும் இக்காலத்தில் அவரது வாழ்க்கையை மீட்டுப் பார்ப்பது பொருத்தமானதெனக் கருதுகிறோம்.

பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கண்டியை ஆண்ட கரலியத்த பண்டாரனின் புதல்வியாக அவர் பிறந்தார். 1582ஆம் ஆண்டளவில் சீதாவாக்கை மன்னன் முதலாம் இராஜசிங்கன் கண்டியின் மீது படையெடுத்து அதனைக் கைப்பற்றினான். குடும்பத்துடன் தப்பியோடிய கரலியத்த பண்டாரன் திருகோணமலைப் பகுதியில் பெரியம்மை நோய்க்குப் பலியானான். அவனது கைக்குழந்தையான மகளும், மருமகன் முறையான யமசிங்க பண்டாரனும் எஞ்சினர். அவ்விருவரையும் போர்த்துக்கேயர் பொறுப்பேற்று, 1560ஆம் ஆண்டு முதல் தம் வசமிருந்த மன்னாருக்குக் கொண்டுசென்றனர்.

மலையகத்தின் அரச மாளிகையில் வளர வேண்டிய குழந்தை, கடற்காற்று வீசும் மன்னார்த் தீவில், கத்தோலிக்கத் துறவிகளின் கண்காணிப்பில் வளர்ந்தது. தோனா கத்தரீனா என்ற திருமுழுக்குப் பெயரே அதற்கு வழங்கலாயிற்று. யமசிங்க பண்டாரன் தொம் பிலிப்பு ஆனான். அனாதையான ஒரு குழந்தைக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்தமை நன்றே. எனினும், அக்குழந்தை கண்டி அரியணைக்கு உரித்துடையது என்பதைப் போர்த்துக்கேயர் ஒருபோதும் மறக்கவில்லை. அவர்கள் ஒரு பிள்ளையை மட்டுமல்ல, ஓர் இராச்சியத்தின் உரிமையையும் சேர்த்தே வளர்த்தனர்.

உரிய காலம் வந்தபோது அந்த உரிமை பயன்படுத்தப்பட்டது. முதலில் தொம் பிலிப்புவைக் கண்டியின் அரசனாக்க முயன்றனர். அப்படையுடன் சென்றவன் கோணப்பு பண்டாரன். பேராதனைத் தலைவனாக விளங்கிய தன் தந்தையை இராஜசிங்கன் கொல்வித்ததால் போர்த்துக்கேயரிடம் அடைக்கலம் புகுந்து, கிறிஸ்தவனாகி, கோவாவரை சென்று திரும்பியவன் அவன். தொம் பிலிப்பு திடீரென இறந்தான். நஞ்சூட்டப்பட்டான் என்ற ஐயமும் எழுந்தது. கோணப்பு பண்டாரன் போர்த்துக்கேயரை எதிர்த்துக் கண்டியைத் தனதாக்கிக்கொண்டான். விமலதர்மசூரியன் என வரலாறு அறிவது அவனையே.

இறந்த பிலிப்புவின் மகனான தொம் ஜுவானும் அந்நியர் பராமரிப்பிலேயே வளர்ந்தான். கோவாவுக்கும் அங்கிருந்து போர்த்துக்கல்லுக்கும் கொண்டுசெல்லப்பட்ட அவன், லிஸ்பன் நகருக்கு அருகில் தெல்யெய்ராஸ் என்னுமிடத்தில் ஒரு துறவுமடத்தை நிறுவினான். 1642இல் அந்நாட்டிலேயே காலமானான். கண்டியின் இளவரசன் என அழைக்கப்பட்டவன் கண்டிக்குத் திரும்பவேயில்லை.

திரும்பி வந்தவர் கத்தரீனா மட்டுமே. 1594ஆம் ஆண்டு தளபதி பேத்ரோ லோபஸ் த சோசா பெரும்படையொன்றுடன் அவரைக் கண்டிக்கு அழைத்துச் சென்று அரசியாகப் பிரகடனம் செய்தான். அப்போது அவர் பதின்ம வயதைத் தாண்டியிராத பெண். தமது அரசனின் மகளை மக்கள் முதலில் ஆவலுடனேயே எதிர்கொண்டனர். ஆயினும் போர்த்துக்கேயப் படைவீரர்கள் அவரைச் சூழ்ந்து நின்றமையும், உள்ளூர்ப் பிரதானிகள் அவரை அணுக முடியாதிருந்தமையும், போர்த்துக்கேயன் ஒருவனுக்கே அவர் மணமுடித்துக் கொடுக்கப்படுவார் என்ற செய்தியும் மக்களின் மனத்தை மாற்றின. பிறந்த ஊருக்கு வந்தும் அவர் தம்மவரிடம் வந்து சேரவில்லை.

மக்கள் விலகினர்; உடன் வந்த உள்ளூர்ப் படையினர் கைவிட்டனர். பின்வாங்கிய போர்த்துக்கேயர் யட்டிநுவரவிலுள்ள தந்துரவில் முற்றாக முறியடிக்கப்பட்டனர். தளபதியும் அங்கு மாண்டான். சிறைப்பட்ட கத்தரீனாவை விமலதர்மசூரியன் மணந்து, தன் ஆட்சிக்கு இருந்த உரித்துக் குறைபாட்டைத் தீர்த்துக்கொண்டான். ஒரு தரப்பாரின் கையிலிருந்த உரிமைப் பத்திரம் மறுதரப்பாரின் கைக்கு மாறியது. இரு தரப்பாரும் அப்பெண்ணின் விருப்பத்தைக் கேட்டதாக எந்த ஏடும் கூறவில்லை.

1602இல் ஒல்லாந்தக் கடற்தளபதி ஸ்பில்பேர்கன் கண்டிக்கு வந்தபோது அரசியையும் அவரது பிள்ளைகளையும் ஐரோப்பிய பாணி உடையில் கண்டதாகப் பயணக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. கண்டிக்குத் திரும்பி எட்டு ஆண்டுகள் கடந்த பின்னரும் மன்னாரில் பெற்ற வளர்ப்பு அவரை விட்டு நீங்கவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. 1604இல் விமலதர்மசூரியன் இறக்க, அவனது உறவினனும் முன்னாள் பிக்குவுமான செனரத் அரியணையேறி கத்தரீனாவை மணந்தான். 1613இல் அவர் மறைந்தார். நாற்பது வயதைக்கூட அவர் எட்டியிருக்கவில்லை.

கண்டியின் பிற்கால வரலாறு அவரது குடும்பத்தின் வழியாகவே செல்கிறது. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவர்களுக்குப் புகலிடம் அளித்தவன் செனரத் மன்னனே. சுமார் 4,000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றப்பட்டதாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். 1638இல் கன்னொறுவவில் போர்த்துக்கேயரை வென்ற இரண்டாம் இராஜசிங்கன் கத்தரீனா பெற்ற மகனாவான். ஒல்லாந்தருக்கு அவன் போர்த்துக்கேய மொழியிலேயே கடிதங்கள் எழுதினான் என்பது குறிப்பிடத்தக்கது.

இவ்வரலாற்றை இன்று நாம் நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. 1970களிலிருந்து 1990கள் வரை இலங்கையிலிருந்து சுமார் 11,000 பிள்ளைகள் மகவேற்பின் பெயரால் ஐரோப்பிய நாடுகளுக்குச் சென்றதாக மதிப்பிடப்பட்டுள்ளது. அன்புள்ள பெற்றோரிடம் சேர்ந்து நல்வாழ்வு பெற்றோர் அவர்களுள் பலர். ஆயினும் குழந்தைகள் வாங்கி விற்கப்பட்டமையும், பெற்ற தாய்க்குப் பதிலாக வேறு பெண்கள் தாயாக நிறுத்தப்பட்டமையும், பொய்ப் பெயர்களுடன் ஆவணங்கள் தயாரிக்கப்பட்டமையும் பின்னர் வெளிவந்தன. 1987இல் வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. 1992இல் 1941ஆம் ஆண்டின் மகவேற்புச் சட்டம் திருத்தப்பட்டுக் கட்டுப்பாடுகள் இறுக்கப்பட்டன. 1993ஆம் ஆண்டின் ஹேக் சமவாயத்தை இலங்கை 1995இல் ஏற்றுக்கொண்டது. 2021இல் நெதர்லாந்து வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியதற்கு இலங்கையில் நடந்த முறைகேடுகளும் ஒரு காரணமாகும்.

பிள்ளையைத் தம் நாட்டுக்கு அழைத்துச் செல்லுமுன்னர் இங்குள்ள நீதிமன்றத்தில் மகவேற்பை நிறைவு செய்ய வேண்டுமென்ற விதி அன்றும் இருந்தது. கட்டளை பெறப்பட்டது, கடவுச்சீட்டும் பெறப்பட்டது. எனினும் அக்கட்டளைக்கு ஆதாரமான தாளில் தாயின் பெயரே பொய்யாக இருந்தால் அம்மகவேற்பு எங்ஙனம் நிறைவு பெற்றதாகும்?

நமது மரபுகள் இவ்விடயத்தில் தெளிவானவை. அனாதைகளை ஆதரிப்பதை உயர்ந்த நற்செயலாகப் போற்றும் இஸ்லாம், பிள்ளையின் வம்சவழியை மறைப்பதை அனுமதிப்பதில்லை. நபி முஹம்மத் (ஸல்) அவர்களால் மகனைப் போல் வளர்க்கப்பட்ட ஸைத் (ரழி) அவர்கள், தமது தந்தை ஹாரிஸாவின் பெயராலேயே மீண்டும் அழைக்கப்பட்டார்கள். யாழ்ப்பாணத்துத் தேசவழமை, உறவினரின் சம்மதத்துடன், சாட்சிகள் முன்னிலையில் மஞ்சள் நீர் அருந்திப் பிள்ளையை ஏற்கும் வழக்கத்தைக் கொண்டிருந்தது. கண்டியச் சட்டமும் மகவேற்பு பகிரங்கமாக இருக்க வேண்டுமென வலியுறுத்தியது. ஊரறியப் பிள்ளையை ஏற்பது என்பதே இவை அனைத்திலும் காணப்படும் பொதுநெறியாகும்.

கத்தரீனாவுக்கு ஒரு விடயத்தில் மட்டும் நற்பேறு கிட்டியிருந்தது. அவர் யாருடைய மகள் என்பது நாடறிந்த உண்மை. கண்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தாயைத் தேடி இன்று அலைபவர்களுக்கு அதுவும் கிட்டவில்லை. வைத்தியசாலைகளின் பிறப்புப் பதிவேடுகளையும் நீதிமன்றக் கோவைகளையும் பாதுகாத்து, உரியவர்களுக்கு அவற்றைத் திறந்துகொடுப்பதும், தேடி வருவோருக்கு வழிகாட்டுவதும் அரசின் கடமையாகும். தாய்மார் பலர் முதுமையை எட்டிவிட்டனர். இதில் இனியும் தாமதம் கூடாது.