போருக்காக போட்ட மெட்டு... பெண்களுக்கு எழுதிக் கொடுத்த பாரி! 'ஜெருசலேம்' பாடலின் பின்னணி என்ன?

இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் போட்டிகளை டிவியில் பார்ப்பவர்கள் ஒரு பாட்டை கேட்டிருப்பார்கள். ஆட்டம் தொடங்கும் முன் மைதானமே சேர்ந்து பாடும். அதுதான் இங்கிலாந்தின் தேசிய கீதம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அது தேசிய கீதமே இல்லை!

அந்தப் பாட்டின் பெயர் 'ஜெருசலேம்'. 2010ஆம் ஆண்டு டெல்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில், தங்கம் வென்ற இங்கிலாந்து வீரர்களுக்காக ஒலித்ததும் இதுதான். அதற்கு முன்பே மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்தி இந்தப் பாட்டை தேர்ந்தெடுத்திருந்தார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் இது பாடப்பட்டது.

இவ்வளவு பெருமைக்குரிய பாட்டுக்கு மெட்டுப் போட்டவர், ஒரு கட்டத்தில் அதை எதற்காக போட்டாரோ அந்த இயக்கத்தையே உதறிவிட்டு வந்தார் என்றால் நம்ப முடிகிறதா? அவர்தான் சர் ஹூபர்ட் பாரி.

யார் இந்த ஹூபர்ட் பாரி?

1848ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் தேதி இங்கிலாந்தின் போர்ன்மவுத் நகரில் பிறந்தவர் பாரி. பிறந்து 12 நாட்களிலேயே தாயை காசநோய்க்கு பறிகொடுத்தார். தந்தை தாமஸ் கேம்பியர் பாரி, ஓவியர். கலைப்பொருட்களை தேடித்தேடி சேர்த்தவர். க்ளஸ்டர்ஷயரில் ஹைனம் கோர்ட் என்ற பெரிய எஸ்டேட் இவர்களுடையது. பாரியின் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் கிழக்கிந்திய கம்பெனியின் இயக்குநர்களாக இருந்தவர்கள். அதாவது, பணத்துக்கு பஞ்சமில்லாத குடும்பம்.

பாரிக்கு சின்ன வயதில் இருந்தே இசை மேல் பைத்தியம். ஈட்டன் பள்ளியில் படிக்கும்போதே, ஆக்ஸ்ஃபோர்டின் இசை இளங்கலை தேர்வை எழுதி தேறிவிட்டார். ஆனால், பிரபுக்கள் வீட்டுப் பிள்ளை இசையை தொழிலாக வைத்துக்கொள்வதில் தந்தைக்கு விருப்பமில்லை. நம்ம ஊர் வீடுகளில் நடக்கும் அதே கதைதான்! ஆக்ஸ்ஃபோர்டில் சட்டமும் வரலாறும் படிக்க வைத்தார்கள். பிறகு லண்டனில் லாய்ட்ஸ் காப்பீட்டு சந்தையில் வேலை. 1870 முதல் 1877 வரை, மனசு ஒட்டாமலே அந்த வேலையை பார்த்தார்.

1872இல் எலிசபெத் மாட் ஹெர்பர்ட்டை திருமணம் செய்துகொண்டார். இவர் பெம்ப்ரோக் பிரபுவின் தங்கை. பெண்களுக்கு ஓட்டுரிமை வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதையின் கடைசியில் இதற்கு வேலை இருக்கிறது.

காப்பீட்டு வேலையில் இருந்தபோதே எட்வர்ட் டான்ராய்தர் என்ற பியானோ கலைஞரிடம் பாரி பாடம் கற்றார். அவர் வழியாக ஜெர்மனியின் வாக்னர் இசை பாரிக்கு அறிமுகமானது. பாக், பீத்தோவன், பிராம்ஸ் என்று ஜெர்மன் இசைதான் பாரிக்கு உயிர். இந்த ஜெர்மன் பாசமே பிற்காலத்தில் அவரை வாட்டி எடுத்தது.

ஆசிரியரானார், 'சர்' ஆனார்

1887இல் மில்டனின் கவிதை ஒன்றுக்கு பாரி அமைத்த சேர்ந்திசை அவருக்கு பெரும் பெயர் வாங்கித் தந்தது. 1895இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக்கின் இயக்குநரானார். சாகும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ரால்ஃப் வான் வில்லியம்ஸ் உள்ளிட்ட பெரிய இசையமைப்பாளர்கள் இவரிடம் படித்தவர்கள்தான். 1898இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1902இல் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழாவுக்கு இவர் அமைத்த இசை, 2023இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடியபோதும் ஒலித்தது.

பாட்டை எழுதியது யார்?

பாட்டின் வரிகள் வில்லியம் பிளேக்குடையவை. 'மில்டன்' என்ற தனது நூலின் முன்னுரையில் பிளேக் இதை எழுதினார். அந்த நூலின் முகப்பில் உள்ள ஆண்டு 1804. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அதே 1804 ஜனவரியில்தான், மன்னருக்கு எதிராக பேசினார் என்ற ராஜதுரோக வழக்கில் பிளேக் விசாரிக்கப்பட்டு விடுதலையானார். தன் தோட்டத்தில் இருந்து ஒரு சிப்பாயை வெளியே தள்ளியதில் வந்த வழக்கு அது. ராஜதுரோக குற்றம் சாட்டப்பட்டவர் எழுதியதுதான் இன்று தேசபக்தி பாடல்!

சரி, பாட்டின் பொருள் என்ன? இயேசு சிறுவயதில் இங்கிலாந்து மண்ணுக்கு வந்தார் என்று அங்கே ஒரு பழங்கதை உண்டு. அது உண்மையா என்று பாட்டு கேள்வி கேட்கிறது. ஆம் என்று பதில் சொல்வதில்லை. இருண்ட ஆலைகள் நிற்கும் இந்த மண்ணிலா அது நடந்தது என்று சந்தேகப்படுகிறது. பிறகு, நீதியான ஒரு நகரத்தை இங்கே கட்டி எழுப்பும்வரை ஓயமாட்டேன் என்று சபதம் செய்கிறது. ஆக, 'என் நாடு உயர்ந்தது' என்று மார்தட்டும் பாட்டு இல்லை இது. 'என் நாடு இன்னும் சரியாகவில்லை' என்று சொல்லும் பாட்டு.

1916இல் நடந்தது என்ன?

முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். மக்களின் மன உறுதியை தூக்கி நிறுத்த 'ஃபைட் ஃபார் ரைட்' என்ற இயக்கம் செயல்பட்டது. இதை தொடங்கியவர் சர் பிரான்சிஸ் யங்ஹஸ்பெண்ட். 1904இல் இந்தியாவில் இருந்து படையோடு திபெத்தின் லாசாவுக்குள் நுழைந்தாரே, அதே யங்ஹஸ்பெண்ட்தான். இந்த இயக்கத்துக்காக பிளேக்கின் வரிகளுக்கு மெட்டுப் போடச் சொல்லி பாரியிடம் கேட்டவர், அரசவைக் கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ்.

பாரி தயங்கினார். ஆனால் நண்பரின் பேச்சை தட்ட முடியவில்லை. 1916 மார்ச் மாதம் மெட்டு தயாரானது. மார்ச் 28ஆம் தேதி லண்டன் குயின்ஸ் ஹாலில் முதன்முறையாக பாடப்பட்டது. கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள்.

பாரிக்குத்தான் நிம்மதி இல்லை. தான் உயிராக நேசித்த இசையை தந்த நாட்டோடுதான் போர். தன் கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவராக போர்முனைக்கு போய்க்கொண்டிருந்தார்கள். மூத்த மகள் டோரதியாவின் கணவர் ஆர்தர் பொன்சன்பி, இந்தப் போரை வெளிப்படையாக எதிர்த்த எம்.பி. வெளியிலோ, வெறித்தனமான தேசபக்தி பேச்சு கூடிக்கொண்டே போனது. 1917 மே மாதம், ஃபைட் ஃபார் ரைட் இயக்கத்துக்கு இனி தன் ஆதரவு இல்லை என்று யங்ஹஸ்பெண்டுக்கு கடிதம் எழுதினார் பாரி. போர் நடக்கும்போது அப்படி எழுத துணிச்சல் வேண்டும்.

பெண்களின் பாட்டு ஆனது எப்படி?

அந்த நேரத்தில்தான் பெண்கள் ஓட்டுரிமை இயக்கம் இந்தப் பாட்டை கையில் எடுத்தது. 1918 பிப்ரவரியில், 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சொத்துத் தகுதி உடையவர்களுக்கு பிரிட்டனில் ஓட்டுரிமை கிடைத்தது. அதையொட்டி மார்ச் 13ஆம் தேதி நடந்த இசைவிழாவில் பாட அனுமதிக்க முடியுமா என்று இயக்கத் தலைவர் மில்லிசென்ட் ஃபாசெட் கேட்டார். பாரிக்கு ஏக சந்தோஷம். ஆர்கனோடு பாட எழுதியிருந்த மெட்டுக்கு, ஆர்கெஸ்ட்ரா இசையையும் புதிதாக எழுதிக் கொடுத்தார்.

பெண் வாக்காளர்களின் பாடலாகவே இது இருக்கட்டுமா என்று ஃபாசெட் கேட்டபோதும் பாரி மகிழ்ச்சியோடு சம்மதித்தார். பாட்டின் காப்புரிமையையும் அந்த இயக்கத்துக்கே எழுதி வைத்தார். மனைவி மாட் பல ஆண்டுகளாக போராடிய அதே லட்சியத்துக்கு, கணவரின் மெட்டு போய்ச் சேர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் தேதி, உலகையே உலுக்கிய ஃப்ளூ காய்ச்சல் காலத்தில், ரஸ்டிங்டனில் பாரி காலமானார். வயது 70. போர் முடிய இன்னும் 35 நாட்கள்தான் இருந்தன. லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிறகு என்ன ஆனது?

1928இல் ஆண்களுக்கு சமமான ஓட்டுரிமை பெண்களுக்கு கிடைத்ததும், காப்புரிமை மகளிர் சங்கங்களின் கூட்டமைப்புக்கு மாறியது. 1968இல் அது பொதுவுடைமையானது. இன்றைக்கு தொழிற்கட்சியினரும் பாடுகிறார்கள், கன்சர்வேடிவ் கட்சியினரும் பாடுகிறார்கள். தேவாலயங்களில் பாடுகிறார்கள், மரபான கிறிஸ்தவ நம்பிக்கையில் இருந்து இளம் வயதிலேயே விலகியவர் பாரி என்பது பாடுபவர்களில் பலருக்கு தெரியாது.

அடுத்த முறை டெஸ்ட் மேட்ச் தொடங்கும் முன் இந்தப் பாட்டு கேட்டால், மியூட் போடாமல் கொஞ்சம் கேளுங்கள். போருக்காக பிறந்து, ஓட்டுரிமைக்காக வளர்ந்த பாட்டு அது.