ஏடு காத்த நாடகத் தந்தை

மாசி மாதத்து அமாவாசை கழிந்ததும் மலையகத் தோட்டங்களில் காமன் கூத்துக்கான தப்பு ஒலிக்கத் தொடங்கிவிடும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் அம்மரபுக்கு உரியவையே. ஆயினும் எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு யார் ரதியாக ஆடினார், யார் அப்பாடல்களைக் கற்பித்தார் என்று கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு ஏடு எதுவும் நம்மிடம் இல்லை. இந்தக் குறையை எண்ணும்போது நினைவுக்கு வரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் தமிழ் நாடகத் தந்தை எனப் போற்றப்படும் பம்மல் சம்பந்த முதலியார்.

1873 ஆம் ஆண்டு சென்னையில் விஜயரங்க முதலியாரின் மைந்தராகப் பிறந்த சம்பந்தர், இளமையில் தமிழ் நாடகத்தை மதித்தவர் அல்லர். அக்காலத்தில் நடிப்போரைக் கூத்தாடிகள் என இகழ்ந்து ஒதுக்குவது கற்றோரிடையே வழக்கமாக இருந்தது. 1891 இல் பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்பவரின் நாடகக் குழு சென்னைக்கு வந்தது. கல்வியும் சமூக மதிப்பும் உடையோர் மேடையேறித் தெலுங்கில் நடித்ததைக் கண்ட இளைஞரின் மனம் மாறியது. தமிழிலும் அவ்வாறு செய்தல் வேண்டும் என்று உறுதி பூண்டார். அதே ஆண்டு ஜூலை முதலாம் நாள் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அப்போது அவருக்கு வயது 18.

அந்தச் சபை ஊர் ஊராகச் சுற்றிப் பிழைத்த தொழில்முறைக் குழு அன்று. வழக்கறிஞரும் அரசு ஊழியரும் மாணவரும் ஊதியம் கருதாது கூடிய அமைப்பு அது. சென்னை விக்டோரியா மண்டபமே அதன் மேடையாக நெடுங்காலம் விளங்கியது. விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கியதும், பாட்டின் ஆட்சியைக் குறைத்து உரைநடை உரையாடலுக்கு இடமளித்ததும் சம்பந்தரின் சாதனைகளாகும். மனோகரா, லீலாவதி சுலோசனா, சபாபதி முதலாக ஏறத்தாழ 90 நாடகங்களை அவர் எழுதினார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் அவர் கையில் அமலாதித்யன் ஆனது. வெனிஸ் நகர வணிகனின் கதை வாணீபுர வணிகன் ஆனது. நாடு விடுதலைக்குப் போராடிய காலத்தில் பெரும் பேச்சாளராகத் திகழ்ந்த சத்தியமூர்த்தியும் இச்சபையின் மேடையில் நடித்தவரே.

வழக்கறிஞராகத் தொழில் புரிந்த சம்பந்தர், 1924 முதல் 1928 வரை சென்னைச் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். பகலில் சட்டம், மாலையில் ஒத்திகை என்பதே அவரது வாழ்வாயிற்று. தம் நாடகங்களை நடிக்க விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெறல் வேண்டும் என்று அச்சிட்டு அறிவித்த அவர், எழுதியவனுக்கு உரிமை உண்டு என்பதைத் தமிழ் நாடக உலகுக்கு உணர்த்தினார்.

எனினும் அவர் விட்டுச்சென்றவற்றுள் நாம் இன்று கருத்தூன்ற வேண்டியது வேறொன்று. 1930களில் நாடக மேடை நினைவுகள் என்ற பெயரில் ஆறு பாகங்களாக அவர் நூல் வெளியிட்டார். ஒரு நாடக சபையின் பிறப்பு, உறுப்பினர் இயல்பு, ஒத்திகை முறை, பயணம், பெண் வேடம் தாங்கிய ஆண் நடிகரின் திறம் ஆகிய அனைத்தும் அதில் பதிவாகியுள்ளன. தம் தொடக்ககால நாடகங்கள் அடைந்த தோல்விகளைக்கூட அவர் மறைக்கவில்லை. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அந்த மேடையைப் பற்றி நாம் இன்று பேச முடிவதற்கு அந்தப் பதிவே காரணம்.

இலங்கைக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவரது சபை கடல் கடந்து வந்து இங்கு நாடகங்களை நடித்துக் காட்டியது. அவரைக் குருவாகக் கொண்ட கலையரசு சொர்ணலிங்கம் இங்கே நாடக சபைகளை வளர்த்தார். குருவின் வழியில் தாமும் ஈழத்தில் நாடகமும் நானும் என்ற நூலை 1968 இல் எழுதினார். நடிப்போடு, எழுதி வைக்கும் பழக்கமும் குருவிடமிருந்து சீடருக்குச் சென்றது போலும்.

நாடகக் கலை ஒரு சமூகத்துக்கு மாத்திரம் உரியதன்று. இலக்னோவைச் சேர்ந்த ஆகா ஹசன் அமானத் உருதுவில் இயற்றிய இந்திரசபாவைப் பார்சி நாடகக் குழுக்கள் ஊரூராக எடுத்துச் சென்றன. கொழும்பில் அதனைக் கண்டோரிடமிருந்தே சிங்கள நூர்த்தி நாடகம் ஊக்கம் பெற்றது. ஒரு முஸ்லிம் கவிஞரின் படைப்பு இத்தனை மொழிகளின் மேடைகளைத் தொட்டது என்பதை நாம் அறிவதும் எவரோ எழுதி வைத்ததனாலேயே.

1959 இல் பத்மபூஷண் விருது பெற்ற சம்பந்த முதலியார் 1964 இல் மறைந்தார். அதே ஆண்டில்தான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் கைச்சாத்தானது. அதன் விளைவாகத் தோட்ட மக்கள் பல இலட்சம் பேர் நாட்டை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1977 இலும் 1983 இலும் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களையும் தாக்கின. லயன் அறைகள் எரிந்தபோது ஆவணங்களும் உடன் எரிந்தன. கூத்து வாத்தியார் கப்பலேறியபோது அவர் நெஞ்சில் இருந்த பாட்டும் அவரோடு சென்றது.

சம்பந்தருக்குக் கல்வியும் ஓய்வும் அச்சகமும் வாய்த்திருந்தன. விடியுமுன் பிரட்டுக்கு ஓடிய தொழிலாளிக்கு இவற்றுள் எதுவும் வாய்க்கவில்லை. ஆகவே பதிவு இல்லாமை அவனது குற்றமன்று. சம்பந்தரின் சபை விலகி நின்ற அந்தக் கூத்தைத்தான் நமது மக்கள் இரவிரவாக ஆடிக் காத்தனர். அதற்கும் ஓர் ஏடு வேண்டும்.

இன்றைய தலைமுறைக்குக் கல்வி உண்டு. கையில் தொலைபேசியும் உண்டு. தோட்டத்துப் பாடசாலை ஆசிரியர்கள் முதியோரின் பாடல்களை ஒலிப்பதிவு செய்யலாம். பழைய பாட்டுக் கொப்பிகளைப் படம் எடுத்துப் பாதுகாக்கலாம். பெலிஹுல்ஓயாவில் அமைந்துள்ள சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இதற்குத் துணை நிற்கலாம். ஆறு பாகம் எழுத இயலாவிடினும் தோட்டத்துக்கு ஒரு கொப்பி எழுதலாம். அடுத்த மாசி வருமுன், பாட்டறிந்த முதியவர் நம்மிடையே இருக்கும்போதே, அதைத் தொடங்குவோம்.