ஒளிக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ்

மலையைக் காண்பவர் பலர். அதன் மாட்சியைப் பிறரும் காணச் செய்பவர் சிலரே. வண்ணத்தின் துணையின்றி, கருமையும் வெண்மையும் கொண்டே மலையையும் முகிலையும் நிலவையும் படங்களில் நிலைபெறச் செய்தவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ்.

இவர் 1902 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20 ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோ நகரில் பிறந்தார். 1906 இல் அந்நகரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கிற்று. அதனைத் தொடர்ந்த அதிர்ச்சி ஒன்றில் நான்கு வயதுச் சிறுவராகிய இவர் சுவரில் மோதி மூக்கு உடைந்தார். பள்ளி வாழ்வு இவர் இயல்புக்குப் பொருந்தவில்லை. அதனை உணர்ந்த தந்தையார், மகன் வீட்டிலிருந்தே கற்க வழி செய்தார். 1915 இல் அந்நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு ஓராண்டு நுழைவுச் சீட்டு வாங்கித் தந்து, அதனையே பள்ளியாகக் கொள்ளச் செய்தார். பன்னிரண்டாம் வயதில் பியானோவைத் தாமே பயிலத் தொடங்கிய ஆடம்ஸ், இசைக் கலைஞராவதையே வாழ்வின் குறிக்கோளாகக் கொண்டார்.

1916 இல் குடும்பத்தாருடன் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கிற்குச் சென்றார். அங்கே பெற்றோர் அவருக்கு எளிய கோடக் பெட்டிக் காமிரா ஒன்றைப் பரிசளித்தனர். அன்று தொடங்கிய மலைக்காதல் அவரை விட்டு நீங்கவே இல்லை. அதன்பின் தம் வாழ்நாளில் ஆண்டுதோறும் அப்பள்ளத்தாக்கை நாடிச் சென்றார்.

1927 ஏப்ரல் 10 ஆம் நாள் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 4,800 அடி உயர்ந்து நிற்கும் 'ஹாஃப் டோம்' பாறையைப் படம் எடுக்க, பளுவான காமிராவைச் சுமந்துகொண்டு பனி படிந்த மலைமீது ஏறினார். உரிய இடத்தை அடைந்தபோது எஞ்சியிருந்தவை இரண்டே கண்ணாடித் தகடுகள். மஞ்சள் நிறக் கண்ணாடியை வில்லையின் முன் பொருத்தி முதற்படத்தை எடுத்தார். எடுத்த பின்னரே, பாறையின் பெருமிதம் அதில் புலப்படாது என்று அவர் உள்ளம் உணர்ந்தது. எனவே, எஞ்சிய ஒரு தகட்டிற்குச் சிவப்புக் கண்ணாடியைப் பொருத்தினார். சிவப்புக் கண்ணாடி வானின் நீல ஒளியைத் தடுக்கும். ஆதலின் படத்தில் வானம் கருக்கும். கரிய வானின் முன் பாறை கம்பீரமாக எழுந்து நின்றது. கருவியை இயக்குமுன் முடிந்த படத்தை மனக்கண்ணால் காணவேண்டும் என்னும் உண்மையை அவர் அன்று கண்டறிந்தார்.

இசையா, புகைப்படமா என்னும் கேள்வி அவரைப் பல ஆண்டுகள் வருத்தியது. பியானோவைக் கைவிடலாகாது என்று அன்னையார் மன்றாடினார். எனினும், 1930 இல் பால் ஸ்ட்ராண்ட் என்னும் கலைஞரின் மூலப்படங்களைக் கண்டபின், புகைப்படமே தம் வழி எனத் தெளிந்தார். கற்ற இசையும் வீணாகவில்லை. மூலப்படத்தை இசைக்குறிப்பாகவும், அதிலிருந்து தாளில் எடுக்கும் படியை இசைநிகழ்ச்சியாகவும் அவர் கருதினார். ஃபிரெட் ஆர்ச்சர் என்பவருடன் இணைந்து, கடுங்கருமை முதல் தூய வெண்மை வரையுள்ள சாயல்களைப் 11 படிகளாக வகுத்து, ஒளியை அளந்து பயன்படுத்தும் முறையையும் உருவாக்கினார்.

1941 நவம்பர் முதல் நாள் மாலை அவர் நியூ மெக்சிகோ வழியே காரில் சென்றுகொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின் மேல் முழுமதியை நெருங்கிய நிலவு எழுந்திருந்தது. தொலைவில் முகில்வரிசை வெண்மையாய் ஒளிர, கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள் மறையும் கதிரவன் ஒளியில் மின்னின. விரைந்து காரை நிறுத்திக் காமிராவை நிறுவினார். ஒளியளக்கும் கருவியோ கைக்கு அகப்படவில்லை! நிலவின் ஒளியளவு அவர் நினைவில் இருந்தது. அதனைக்கொண்டே மனத்தில் கணக்கிட்டுப் படமெடுத்தார். இரண்டாம் படத்திற்கு முயலுமுன் சிலுவைகளின்மீது வீசிய ஒளி மறைந்துவிட்டது. அந்த ஒரே படம் உலகப் புகழ் பெற்றது. நற்பேறு அன்று ஒரு நொடி வந்தது. பல்லாண்டுப் பயிற்சியே அதனைப் பற்றிக்கொண்டது.

ஆடம்ஸின் கலை புகழோடு நின்றுவிடவில்லை. கிங்ஸ் கேன்யன் மலைப்பகுதியைக் காக்க வேண்டி, 1936 இல் தம் படங்களுடன் வாஷிங்டன் சென்று ஆட்சியாளர்களிடம் வாதாடினார். 1938 இல் சியரா நெவாடா மலைகளைப் பற்றிய படநூலை வெளியிட்டார். குடியரசுத்தலைவர் ரூஸ்வெல்ட்டும் அந்நூலைக் கண்டார். 1940 இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று. நேரில் சென்று காண இயலாதவர் உள்ளத்திலும் அம்மலைகளின்பால் அன்பை விளைத்தவை அவருடைய படங்களே.

1980 இல் அந்நாட்டுக் குடியரசுத்தலைவரின் விடுதலைப் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது. 1984 ஏப்ரல் 22 ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார். மறு ஆண்டு யோசெமிட்டியில் உள்ள சிகரம் ஒன்று அவர் பெயரைப் பெற்றது. முகில் கலையும், ஒளி மாறும், நிழல் நீளும். காத்திருக்கும் பொறுமையும் கற்றுத் தேர்ந்த கையும் உடையவர்க்கே அவை தம் அழகை அளிக்கும் என்பதனை ஆடம்ஸின் வாழ்வு உணர்த்துகிறது.